கடைசி வீட்டுக்கு நேற்றைய பேப்பர்

“புள்ளைங்களை யார்கிட்ட விட்டுட்டு வருவே?”

பேப்பர் போடும் வேலைக்கு அவள் சேர்ந்த அன்று, ஏஜென்ட் அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“நாத்தனார் பாத்துக்குவாங்கக்கா.”

சொல்லும்போது அவளுக்குக் கண்கூட இமைக்கவில்லை.

அருமையான நாத்தனார். விடிவதற்கு முன்பே எழுந்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். பதிலுக்கு ஒரு வாய் காபிகூடக் கேட்க மாட்டாள்.

ஒரே ஒரு குறை...

அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை. புருஷனுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கூட இருக்கும் பழக்கமும் கிடையாது. சின்னவன் வயிற்றில் இருக்கும்போதே போய்விட்டான்.

ஏஜென்ட் அக்காவிடம் ஒரே ஒரு சட்டம்தான். வீடு வீடாகப் பேப்பர் போடும் லைனுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. வந்தால் அன்றோடு வேலை போச்சு. தான் நடத்துவது பேப்பர் ஏஜென்சி, பாலர் பள்ளி அல்ல என்பதை வாரம் தவறாமல் எல்லோருக்கும் நினைவுபடுத்துவாள்.

ஆகவே தினமும் அவள் பண்டல் வாங்கும் நேரத்தில், அக்காவின் மாடி வீட்டுக்குக் கீழே இருந்த ஏஜென்சியின் பின்பக்கச் சந்தில் ஒரு குழந்தை வண்டி ஒளிந்து நிற்கும்.

வண்டிக்குள் ஐந்து வயது மகள். ஊரையே வேலை வாங்குவாள் என்பதால் மேஸ்திரி என்று பெயர். அவள் மடியில் இரண்டு வயதுத் தம்பி. பெயர் குண்டு. பெயர்க்காரணம் தேவையில்லை.

பண்டலைக் கொண்டு வந்து இருவருக்கும் நடுவில் செருகினால், லைன் கிளம்பிவிடும்.

இன்றைக்கும் அப்படித்தான் கிளம்பியது.

ஆனால் லைனின் கடைசி வீட்டில்...

ஒரு பிணம்.

சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள் அந்த வீட்டுக்காரம்மா. பின்மண்டையில் அடி. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. கழுத்தில் எப்போதும் கிடக்கும் செயினைக் காணவில்லை.

பாவம், நல்ல மனுஷி. பேப்பர் தாமதமானால் ஏஜென்சிக்கு போன் போட்டுக் கத்தாத ஒரே ஜீவன். அந்தப் பொறுப்பை அவள் கணவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவன்தான் நைட் டிரஸ்ஸில், முகத்தைத் துடைத்துத் துடைத்து, இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். முகம் காய்ந்துதான் இருந்தது. துண்டுக்குத்தான் பாவம் வேலை.

விடியற்காலையில் வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனானாம். முதல் பக்கத்திலிருந்து ஆற அமரப் படித்தானாம். இறங்கி வந்தால் மனைவி பிணம்... கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

“இந்த நேரத்துல வாசலுக்கு வர்ற ஒரே ஆள் பேப்பர்க்காரிதான் சார். எனக்கு வேற யாரைச் சொல்றதுன்னு தெரியலை.”

பேப்பர்க்காரியைத் தேடிப் போகும் சிரமத்தைப் போலீசுக்கு அவள் வைக்கவில்லை. கையில் ஒரே ஒரு பேப்பருடன், அவளே கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

உள்ளே ஜீப்பைப் பார்த்தாள். வந்த வழியே திரும்பினாள்.

கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்துவிட்டார்.

“எல்லா வீட்டுக்கும் போட்டாச்சு. இந்த வீட்டுக்கும் போட்டாச்சு” என்றார் இன்ஸ்பெக்டர். தூக்கம் கெட்ட எரிச்சல் குரலில் தெரிந்தது. “அப்புறம் எதுக்கும்மா திரும்பி வந்தே? நலம் விசாரிக்கவா?”

அவள் கையிலிருந்த பேப்பரை முந்தானைக்குள் ஒளித்தாள்.

காரணம் இருந்தது. மிக எளிய காரணம். மிகக் கேவலமான காரணமும்கூட.

குண்டுக்கு அடியில் தினமும் ஒரு பழைய பேப்பரை விரித்து உட்கார வைப்பாள். இன்றைக்கு இருட்டில், அவசரத்தில், கை மாறிப் போயிற்று. பழைய பேப்பர் பத்திரமாக ஓரத்தில் இருந்தது. புத்தம் புதுப் பேப்பர் குண்டுக்கு அடியில் போயிற்று.

குண்டு தன் கடமையைச் செய்தான்.

கடைசி வீட்டுக்கு வந்து பார்த்தால், மிச்சம் இருந்த ஒரே பேப்பர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாசலைக் காலியாக விட்டால் அந்த ஆள் உடனே ஏஜென்சிக்கு போன் போடுவான். அதனால் நேற்றைய பேப்பரை, தேதி தெரியாமல் உள்பக்கமாக மடித்து, அங்கே போட்டாள். லைனின் மறுகோடியில், ஆட்கள் ஊருக்குப் போயிருந்த ஒரு வீட்டு வாசலுக்கு ஓடி, காலையில் அங்கே போட்ட புதுப் பேப்பரை எடுத்துக்கொண்டு, மாற்றி வைக்கத் திரும்பினாள்.

இதைச் சொன்னால் குழந்தைகளைச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளைச் சொன்னால்... ஏஜென்ட் அக்கா, இதோ, பக்கத்திலேயே நிற்கிறாள்.

லைனுக்கு வரும் ஆள் யார் என்று அடையாளம் காட்டத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அடையாளம் காட்டினாள். அதோடு நிறுத்தவில்லை. இவள் சேர்ந்த நாளிலிருந்தே தனக்கு இவள் முழி பிடிக்கவில்லை என்றாள். வறுமை மனுஷரை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். செத்துப்போன அம்மாவைத் தன் சொந்தத் தங்கை மாதிரி என்றாள். கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டதைக்கூட துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவருக்கும் ஆறுதல் சொன்னாள்.

மூச்சு விட மட்டும் இடையில் நிறுத்தினாள்.

“என்ன ஏதுன்னு ஒத்துக்கிட்டு ஜீப்ல ஏறு” என்றாள் அவளிடம், மிகவும் பரிவாக. “புள்ளைங்களைப் பத்திக் கவலைப்படாதே. அதான் நாத்தனார் இருக்காளே.”



அந்த நாத்தனார் கையில் குழந்தைகளை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போவது...

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார். படித்துக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்றார்.

“பாலம் இடிஞ்ச செய்தியில மூழ்கிட்டேன் சார். நேத்து சாயங்காலம் விழுந்ததே... அது முதல் பக்கத்துல முழுசா வந்திருந்தது.”

மடித்த பேப்பரை எடுத்து நீட்டினான். இன்றைய தேதி. முதல் பக்கத்தில் உடைந்த பாலம்.

அவள் அதைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

நேற்றுச் சாயங்காலம் இடிந்த பாலம், நேற்றுக் காலைப் பேப்பரில் எப்படி வரும்?

வேலையா, விலங்கா? நல்ல தேர்வுகள்தான் வாழ்க்கை எப்போதும் அவளுக்குக் கொடுக்கும்.

“சார்... அவர் கையில இருக்கறது நான் போட்ட பேப்பர் இல்லை.”

ஏஜென்ட் அக்கா சிரித்தாள். திருடுவதற்கு முன் இவள் பேப்பர் வேறு மாற்றிக்கொடுத்தாளாமா என்று கேட்டாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெருமுனையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“மேஸ்திரி... வண்டியைத் தள்ளிட்டு வா.”

தடித்த ஆள் ஒருவன் வருவான் என்று கான்ஸ்டபிள் லத்தியை இறுக்கினார்.

வந்தது குழந்தை வண்டி. தள்ளியவளின் தலை கைப்பிடிக்கு மேல் தெரியவில்லை. உள்ளே குண்டு, கால்மேல் கால் போட்டு, ஒரு பிஸ்கட்டை முடித்துக்கொண்டிருந்தான்.

“போலீஸ் மாமா” என்றாள் மேஸ்திரி, நேராக விஷயத்துக்கு வந்து. “தம்பிதான் புதுப் பேப்பர்ல மூச்சா போனான். அம்மா இந்த வீட்டுக்குப் பழசைப் போட்டாங்க. யார்கிட்டேயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. அதனால நான் சொல்ல மாட்டேன்.”

வண்டிக்குள் ஆதாரம் இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்தார். மூக்கு முதலில் சாட்சி சொல்லிற்று.

நிமிர்ந்தார்.

“நேத்துப் பேப்பர் ரெண்டு இருக்கணும் இந்த வீட்ல. தேடுங்க.”

கான்ஸ்டபிள் உள்ளே போனார். கணவன் துண்டை மறந்துவிட்டான். நேற்றைய பேப்பர் வீட்டில் இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டான்.

“ஒண்ணு இருந்தா இல்லை சார்” என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த இடைவெளியை ஏஜென்ட் அக்கா வீணாக்கவில்லை. “இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டு இருந்திருக்கே. நாளையிலேர்ந்து லைனுக்கு வராதே” என்றாள்.

பிணத்தைத் தாண்டியும் சட்டம் சட்டம்தானே.

கான்ஸ்டபிள் வெளியே வந்தார்.

“ஒண்ணு டீப்பாய் கீழே சார். இன்னொண்ணு வாஷிங் மெஷினுக்குள்ள. பிரிச்சுப் பாத்தேன்...”

பொட்டலம். அதற்குள் செயின்.

கையில் ஏற்கெனவே இன்றைய பேப்பர் இருந்தது. வாசலில் விழுந்ததையும் வைத்துக்கொண்டால் இரண்டாகிவிடும். அதனால் அதைச் செயினைச் சுற்றப் பயன்படுத்திவிட்டான். கடைசிவரை பிரித்துப் படிக்கவில்லை. படிக்கும் பழக்கம் இல்லாதவன் படித்ததாகப் பொய் சொன்னால் இதுதான் கதி.

“அப்போ இன்னிக்குப் பேப்பர் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?” இன்ஸ்பெக்டரின் குரல் மென்மையாகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

அவன் மறுபடி துண்டைத் தேடினான்.

“கடையில வாங்கியிருப்பார்” என்றாள் ஏஜென்ட் அக்கா.

தன்னைக் கேட்காத கேள்விக்குப் பதில்.

மேஸ்திரி இடுப்பில் கை வைத்தாள்.

“கடைக்கெல்லாம் அப்புறம்தான் போகும் ஆன்ட்டி. நீங்கதானே அடுக்கி வெச்சிருந்தீங்க. இந்த அங்கிள் போகும்போது ஒண்ணு எடுத்துக்கிட்டார்.”

“எங்கேம்மா பாத்தே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“ஆன்ட்டி வீட்டுப் பின்னாடி. நாங்க அங்கதான் ஒளிஞ்சிருப்போம். ஆன்ட்டி பாத்தா திட்டுவாங்கல்ல? அங்கிள் மாடியில பல் தேய்ப்பார். அப்புறம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்குவார். தம்பி டாட்டா காட்டுவான். அவர் காட்டவே மாட்டார்.”



இன்ஸ்பெக்டர் கணவனின் போனை வாங்கிப் பார்த்தார். போலீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு அழைப்பு போயிருந்தது. நீண்ட அழைப்பு. ஏஜென்சி நம்பருக்கு.

அதன் பிறகு அவனை அதிகம் கேட்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவனுக்கு, மனைவி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றவில்லையாம். இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டியது. அடுத்து எட்டியது போன். செயினைக் கழற்று, பேப்பர்க்காரியைச் சொல் என்ற இரண்டு யோசனைகளும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தன.

சொந்தத் தங்கை மாதிரி.

கணவனை முதலில் ஏற்றினார்கள். கான்ஸ்டபிள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏஜென்ட் அக்காவைப் பார்த்தார்.

அவள் நடந்தாள்.

பேப்பர்க்காரி, குண்டின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். கிண்டலாக இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“அக்கா... நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?”

ஏஜென்ட் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் ஜீப்பில் ஏறிப் போனாள்.

நாளைக்கு முதல் பக்கத்தில் வரப்போகிறவளுக்கு, இன்றைக்குப் பேச என்ன இருக்கிறது!