சவரிமுத்துவுக்கு ஒரு நுரையீரல்

செம்மேட்டில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டுக் கதவின் துளையில் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் வெளியே போக முடியும். மூச்சு சரியாக இருந்தால் கதவு திறக்கும். சரியில்லை என்றால் திறக்காது. மருத்துவமனைக்குத் தானே செய்தி அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை உட்காரச் சொல்லும். செவ்வாய்க் கிரகத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. பல் தேய்ப்பது போல அதுவும் ஒரு காலைக் கடன்.

அன்று சவரிமுத்து மூன்று முறை ஊதியும் கதவு அசையவில்லை. அவர் சுரங்கத் தொழிலாளர் உணவகத்தில் சமையல்காரர். காலைப் பலகாரத்துக்கு நேரமாகிவிட்டதே என்றுதான் அவருக்கு முதலில் கவலை வந்தது. மனைவி ஜெசிந்தாவுக்கு அப்படி இல்லை. கொஞ்ச காலமாகவே அவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்ததை அவள் கவனித்துத்தான் வந்தாள்.

செம்புழுதி நோய் என்றார் மருத்துவர் ஷமீமா. ஊரை மூடியிருக்கும் குவிமாடத்துக்குள் காற்றை எவ்வளவு வடிகட்டினாலும் செவ்வாயின் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடும். சிலருடைய நுரையீரலில் படிந்து கல்லாகும். புழுதிக் காலம் தொடங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். நோயாளியின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்திருப்பதால் அவருடைய யோசனை தெளிவாக இருக்காது, ஆகவே துணைவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். சவரிமுத்துவுக்கு அந்தச் சட்டத்தில் வருத்தமே இல்லை. "நீ பாத்துச் சொல்லு ஏட்டி" என்று படுத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் துலா என்றொரு அறிவெந்திரம் இருந்தது. இதைச் செய் என்று துலா யாருக்கும் சொல்வதில்லை. வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லும், ஒவ்வொன்றின் குறையையும் ஒளிக்காமல் சொல்லும், பிறகு வாயை மூடிக்கொள்ளும். ஜெசிந்தாவுக்கு அது மூன்று வழிகள் சொன்னது.

எந்திர நுரையீரல் வைக்கலாம். ஆனால் தினமும் சில மணி நேரம் சுவரோடு கம்பி மாட்டி உட்கார வேண்டும். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மின்கலம் மாற்ற நெஞ்சைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் அறுவையே வேண்டாம், தரைக்கு வெகு கீழே இருக்கும் ஆழ்குடிலுக்கு அனுப்பிவிடலாம். அங்கே காற்று அடர்த்தியானது, தூசி கிடையாது, இருக்கும் நுரையீரலே போதும். ஆனால் போனவர் மேலே வர முடியாது. ஜெசிந்தாவின் பாசித் தொட்டி வேலை மேலே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவரலாம். மூன்றாவது, அவருடைய உயிரணுவிலிருந்தே வளர்த்தெடுக்கும் வளர்நுரையீரல். அதை வைத்தால் மூக்கின் மணம் அறியும் சக்தி போய்விடலாம்.

மூன்றாவதைக் கேட்டதும் சவரிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"மணம் தெரியாம நான் எப்படி மசாலா வறுப்பேன்?" என்றார். பிறகு, தான் முடிவு சொல்லக்கூடாது என்பது நினைவுக்கு வந்தவராக மறுபடி படுத்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் ஜெசிந்தா பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். எந்திரம்தான் நம்பகமானது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய மச்சானுக்கு வைத்திருக்கிறதாம், பக்கத்தில் போனால் குளிர்பெட்டி போல முனகுமாம், மற்றபடி ஆள் திடமாம். ஆழ்குடிலுக்கு அனுப்பு, உயிர்தானே முக்கியம் என்று வேறொரு குடியிருப்பிலிருந்து தம்பி செய்தி அனுப்பினான். ஜெபம் பண்ணச் சொன்னார் பங்குச் சாமியார். ஜெபமும் பண்ணினாள். துலாவிடமே திரும்பத் திரும்பப் போய், கேள்வியை முன்னும் பின்னுமாகப் புரட்டிக் கேட்டாள். துலா அதே மூன்றை அதே குரலில் சொன்னது.

ஒன்றை எடுக்கலாம் என்று நினைத்தவுடனே அதன் குறை பெரிதாகத் தெரிந்தது. மற்றதன் பக்கம் போனால் விட்டதுதான் நல்லதோ என்று பட்டது. தொட்டியில் பாசி அள்ளும்போது, கம்பி மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கும் மனுஷனை நினைத்துப் பார்த்தாள். அதற்குள் அவருக்கு நோய் முற்றி, சட்டை மாட்டுவதே பெரிய வேலையாகிவிட்டது. கண் முன்னால் இருப்பார், வாய்க்கு ருசியாகச் சமைப்பார், அது போதும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு எந்திர நுரையீரலுக்குக் கைரேகை வைக்கப் போனாள்.

ஷமீமா அவள் முடிவைக் கேட்டார். எந்திரம் வைத்தவர்களின் நெஞ்சைத் திரும்பத் திரும்பத் திறந்து தைத்த கை அவருடையது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சுவரில் இருந்த துலாவின் காதை அணைத்தார்.

"ஜெசிந்தாக்கா, நான் சொன்னேன்னு வெளியே சொல்லிடாதீங்க. வளர்நுரையீரல் வச்சா மணம் போகாது. அது துலா தானா சேர்த்த பொய்."

ஜெசிந்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. ஷமீமா விளக்கினார். வளர்நுரையீரல் வந்த புதிதில், அதில் எந்தக் குறையும் இல்லை என்று துலா உள்ளதை உள்ளபடியே சொல்லிவந்தது. கேட்டவர்கள் முகம் சுருங்கினார்கள். குறையில்லாமல் எப்படி, எதையோ மறைக்கிறீர்கள் என்று எழுந்துபோய், குறையுள்ள எந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆழ்குடிலுக்குப் போய் அழுதவர்களும் உண்டு. துலா இதையெல்லாம் கவனித்து, ஒரு சின்னக் குறையைத் தானாகச் சேர்த்தது. அதன் பிறகு பெரும்பாலானவர்கள் நிம்மதியாக வாங்கிப்போனார்கள். குறையை மறைக்கக்கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. கூட்டிச் சொல்லக்கூடாது என்று எங்கும் இல்லை. மணம் போனால் யாருக்கு என்ன என்று துலா கணக்குப் போட்டிருந்தது. சமையல்காரர் ஒருவர் வருவார் என்று அது நினைக்கவில்லை.

"அப்போ அதுல ஒரு குறையும் கிடையாதா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கிடையாதுக்கா."

"கம்பி மாட்ட வேண்டாம், கீழ போக வேண்டாம், மணமும் போகாது?"

"ஆமாம்."

ஜெசிந்தா தன் வீட்டுக் கதை ஒன்றை எடுத்தாள்.

"எங்க தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான் டாக்டர். குடி இல்ல, கடன் இல்ல, குணம் தங்கம்னாவ. என்னமோ இருக்கும்லான்னு நாங்க வேண்டாம்னுட்டோம்."

"அப்புறம்?"

"இப்ப தங்கச்சிக்கு வாய்ச்சவன் குடிப்பான். ஆனா அது மொதல்லயே தெரியும்."

சொல்லிவிட்டு, எந்திர நுரையீரலுக்கான கைரேகைத் தகட்டைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டாள்.

வாதாடிப் பயனில்லை என்று ஷமீமாவுக்குத் தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"சரிக்கா, மறைக்கல. ஒண்ணு இருக்கு. இதைச் சொல்லவே வேண்டாம்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"குறட்டை விடுவார். வீடே அதிர்ற மாதிரி. ஆயுசுக்கும் நிக்காது."

ஜெசிந்தாவின் தோள்கள் தளர்ந்தன. பல நாட்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஊறியது. "அதானே பாத்தேன்" என்றாள். எந்திரத் தகட்டைத் தள்ளிவைத்துவிட்டு வளர்நுரையீரலுக்குக் கைரேகை வைத்தாள்.

அறுவை நன்றாக நடந்தது. புழுதிக் காலம் முழுவதும் சவரிமுத்து ஒரு இருமல் இருமவில்லை. உணவகத்துக்குத் திரும்பிய முதல் நாள், கடுகு வெடிக்கும் வாசனையில் கண் கலங்கி, வெங்காயம் என்று சமாளித்தார். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். தொழிலாளர்கள் அவரைப் பார்த்து, வயது குறைந்துவிட்டதா என்று கேலி செய்தார்கள்.

ஜெசிந்தாதான் மெலிந்துபோனாள். இரவெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். அவர் குழந்தை போலச் சத்தமே இல்லாமல் தூங்கினார். வாரங்கள் போயின. ஒருநாள் கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு ஷமீமாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"குறட்டை வரல்லியே டாக்டர்."

நல்லதுதானே என்றார் ஷமீமா. ஜெசிந்தா ஒத்துக்கொள்ளவில்லை. வர வேண்டியது வரவில்லை என்றால் உள்ளே எங்கேயோ தப்பாக இருக்கிறது என்றாள். படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் காட்டினார்கள். படத்திலும் ஒன்றுமில்லை என்றதும் பயம் இன்னும் கூடிப்போனது. திறந்து பார்த்துவிடலாம், அப்படியே எந்திரத்தையும் வைத்துவிடலாம் என்று கேட்க ஆரம்பித்தாள். அவர் தேறிவிட்டாலும், முடிவு செய்யும் உரிமை அறுவைக்குப் பிறகு ஒரு வருஷம்வரை சட்டப்படி அவள் கையில்தான் இருந்தது.

அவளை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, ஷமீமா நேரே உணவகத்துக்குப் போனார். அடுப்படியில் நின்றபடியே சவரிமுத்துவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். சவரிமுத்து கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். புது நுரையீரல் கொள்ளும் மட்டும் சிரித்தார்.

"அவ அப்படித்தான் டாக்டர்" என்றார். "நான் பாத்துக்கிடுதேன்."

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா மருத்துவமனைக்குச் செய்தி அனுப்பினாள். குறட்டை வந்துவிட்டதாம். நல்ல சத்தமாம். டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்ததாம். ஷமீமா துலாவின் பதிவில் மணம் என்று இருந்ததை எடுத்துவிட்டுக் குறட்டை என்று மாற்றினார். அதன் பிறகு செம்மேட்டில் வளர்நுரையீரல் வேண்டாம் என்றவர்கள் மிகக் குறைவு.

சவரிமுத்துவுக்குத்தான் தினமும் படுத்தவுடன் ஒரு வேலை கூடிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையை இறுக்கி, எந்தக் குறையும் இல்லாத அந்த நுரையீரலால் அறை அதிர இழுத்து இழுத்து விடுவார். பக்கத்தில் ஜெசிந்தா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து நிஜமான குறட்டை கிளம்பும். அதைக் கேட்டதும் அவர் தன்னுடையதை நிறுத்திக்கொண்டு தூங்கப் போவார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவரும் சத்தம்தான். அதை ஒரு குறையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை.