கேமராவுக்குக் காது கிடையாது

"அந்தக் கோபுரத்துக்காரன் மட்டும் என் கையில கெடைச்சான்... செவிட்டுல ரெண்டு விடாம அனுப்ப மாட்டேன்!"

ரோஜா சொன்ன வேகத்தில் போடி நூலகத்தின் மாடியே கப்சிப் ஆனது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கற்பகம் டீச்சர் நடத்தும் வாசகர் கூட்டம் அது. சண்டை போடுகிற இடமில்லை. ஆனால் ஏலக்காய்க் கடையில் நாள் முழுக்கக் காய் தரம் பிரித்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் வாய் திறக்கிற பெண்ணை யார் அடக்குவது?

எல்லாம் அந்த வாரம் படித்த நாவல் செய்த வேலை. என்றோ வரப்போகிற ஒரு நகரத்தின் கதை. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு விளக்கு. ஒழுங்காக இருந்தால் பச்சை, தப்பு செய்தால் சிவப்பு. சிவப்பு எரிகிற வீட்டுக்கு அரிசி கிடையாது, வேலை கிடையாது, எதிர்வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசவும் மாட்டார். ஊர் நடுவில் ஒரு கோபுரம். அதில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்து, விளக்கை மாற்றிக்கொண்டே இருப்பவன்தான் அந்தக் கோபுரத்துக்காரன்.

"இதெல்லாம் சீமையில நடக்கும்மா. நம்மூர்ல கரண்டே ஒழுங்கா நிக்காது, இதுல பச்ச வெளக்காம் செவப்பு வெளக்காம்!" என்றார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பால்சாமி.

"ஏன் நடக்காது? என் மருமக சென்னையில இருந்துக்கிட்டே நான் எங்க நிக்கிறேன்னு போன்ல பாக்குறா. கோயிலுக்குன்னு சொல்லிட்டு புரோட்டாக் கடைக்குப் போக முடியல," என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

ரோஜா மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல்...

"அவன் என்னங்க செஞ்சான்? பாத்தான். பாத்ததைச் சொன்னான். அம்புட்டுத்தானே?"

விருட்டென்று திரும்பினாள். புது ஆள். இறுகத் தேய்த்த சட்டை, தூக்கம் காணாமல் சிவந்த கண்கள்... ஆனால் அந்தச் சிவப்புக்குள்ளே ஏதோ ஒரு சாந்தம்.

"பாக்குறவன் சரியாப் பாக்கணும்ல?"

"சரியாப் பாக்குறதா நெனச்சுத்தாங்க பாக்குறான்."

"நீங்க என்ன, அவனுக்கு மச்சானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். கோபப்பட்டிருந்தால் இன்னும் நாலு போட்டிருப்பாள். சிரிக்கிறவனை என்ன செய்வது?

கூட்டம் முடிந்து இறங்கினால் வாசலில் மழை. குரங்கணிப் பக்கம் மலை இருட்டிக்கொண்டு, சாரல் தெருவையே கழுவிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட குடை இருக்குங்க..." என்றான் அவன்.

"என்கிட்டயும் இருக்கு." 

"எங்க?"

"வீட்டுல."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஒரு குடைக்குள் இரண்டு பேர் நனையாமல் போக முடியாது. ஆளுக்கொரு தோள் நனைந்துதான் போனார்கள். பெயர் முத்துக்கிருஷ்ணன், சொந்த ஊர் தேவாரம், யானை மிதித்தது போக மிச்சத்தை அறுக்கிற விவசாயக் குடும்பம், இங்கே ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை... பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அவ்வளவும் தெரிந்துபோனது. போய்ச் சேர்ந்த பிறகுதான், தான் திரும்ப வேண்டிய தெருவை எப்போதோ தாண்டிவிட்டது அவளுக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிறும் வந்தான். அதற்கடுத்த ஞாயிறும். கூட்டத்தில் எதிரும் புதிருமாக வாதாடுவார்கள், கீழே வந்து டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். சனிக்கிழமையே மறுநாளைக்குச் சேலை எதுவென்று யோசிக்கத் தொடங்கிய மனசை ரோஜா திட்டித்தான் பார்த்தாள். கேட்டால்தானே!

ஒருநாள் அவனே கேட்டான். "அந்தக் கோபுரத்துக்காரன் மேல ஏங்க உங்களுக்கு அம்புட்டுக் கோவம்? கதைதானே..."

"எனக்கு அது கதை இல்லங்க," என்றாள். டீ கையிலேயே ஆறியது. "எங்க செல்லத்தாய் சித்திதான் என்னைய வளத்துச்சு. விடியமுன்னே ஜீப்புல போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துல காய் எடுத்து வளத்துச்சு. இப்ப எங்க வீட்டு வாசல்ல செவப்பு வெளக்கு எரியாத கொறைதான்."

"ஏன்... என்னாச்சு?"

"சாயங்காலம் எடை போடுற களத்துல கேமரா வச்சிருக்காக. சித்தி அடுத்தவக சாக்குலருந்து காயத் திருடுறதா எவனோ போடியில உக்காந்து பாத்து எழுதிட்டான். மறுநாளே ஜீப்புல ஏறாதேன்னுட்டாக. எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டேங்கிறாக."

"திருடலையா?" என்றான் அவன்.

"சித்திக்கு முட்டிவலி. முன்ன மாதிரி ஓடி ஓடி எடுக்க முடியல. எடை கொறைஞ்சா மறுநாள் வேல இல்ல. அதனால கூட வர்ற பொம்பளைக ஆளுக்கொரு பிடி குடுப்பாக. 'இந்தா செல்லத்தாயி, அள்ளிக்க'ன்னு சாக்கை விரிச்சுக் காட்டுவாக. இப்படி ஒருத்திக்கொருத்தி குடுத்துக்கிறது இன்னைக்கி நேத்தா? நாளைக்கி இன்னொருத்திக்குக் காச்சல்னா சித்தி குடுக்கும். அத்தனை பேரும் போய்ச் சொன்னாக. படம் பொய் சொல்லுமான்னு கேட்டுட்டாக. கேமராவுக்குக் காது கிடையாதுல்ல?"

முத்துக்கிருஷ்ணன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"செவப்புத் துண்டு... தலையில கட்டியிருப்பாகளா?"

ரோஜா நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏதாவது சொல்லி மழுப்பியும் இருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அவன் அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"அதை எழுதுனவன் நான்தாங்க. மலைத்தோட்டத்துக் கேமராவெல்லாம் எங்க ஆபீஸ்லதான் பாக்குறோம். நான் தோட்ட வேல பாத்தவன் இல்ல... ஒருத்தவுக சாக்குல இன்னொருத்தவுக கை... திருட்டுன்னே நெனச்சிட்டேன். அந்த நாவலப் படிச்சதுலருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நம்ம பாத்தது எத்தனை தப்போன்னு... அதான் அன்னைக்கி அவனுக்காகப் பேசினேன். எனக்காகத்தான் பேசினேன்."

அவள் எழுந்துவிட்டாள். ஓங்கிச் செவிட்டில் விடுவேன் என்று சொன்ன கை உயரவே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. மழையில் விறுவிறுவென்று நடந்தாள். 'சித்தியை அழ வைத்தவனுக்காகவா நான் சேலை தேடினேன்?' என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுகை சித்திக்காகவா, அவனுக்காகவா என்று பிரிக்கத் தெரியாமல் அழுதாள். காய் பிரிக்கிற கைக்கு இது பிடிபடவில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றில் கடைசி நாற்காலி காலியாக இருந்தது. அவன் வரக் கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். வரவில்லை என்றதும் கூட்டத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வீம்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்... பாவம், பெண் படாத பாடு பட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை வீட்டுக்கு வந்தால், செல்லத்தாய் அந்தச் சிவப்புத் துண்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி வேலைக்கி வரச் சொல்லிட்டாகடி!" என்றாள், சிரிப்பும் கண்ணீருமாக. "தேவாரத்துப் பய ஒருத்தன் நம்ம பொம்பளைக ஜீப்புலயே தொத்தி மேல போயிருக்கான். களத்துல எல்லாரும் இருக்கையில, 'நான் பாத்து எழுதுனது தப்பு, அந்தம்மா திருடல'ன்னு மேனேஜர்கிட்ட சொன்னானாம். ஆபீஸ் பேரைக் கெடுத்துட்டான்னு அவன் வேலையப் புடுங்கிட்டாகளாம். முந்தாநாளு இங்கயும் வந்தான். என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை."

"வந்தாரா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"உங்கிட்டச் சொல்ல வேணாம்னான். உனக்காகச் செஞ்சதா நீ நெனச்சிடக் கூடாதாம்."

ரோஜா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் சித்தியை ஏற்றிவிட அவளும் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனாள். தூறல் விட்டபாடில்லை. தூக்குவாளியும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "ஏறு செல்லத்தாயி, வெரசா ஏறு!" என்று நாலு கைகள் நீண்டன. சற்றுத் தள்ளி, குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றான் முத்துக்கிருஷ்ணன். அந்தம்மா ஏறுவதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவன்.

ரோஜா நேரே அவனிடம் போனாள்.

"குடையை மடக்கி வச்சுக்கிட்டு எதுக்கு நனையிறீக?"

"தெரியலங்க..."

"வேல போச்சாம்ல?"

"போகட்டும். அப்பா காட்டுல சோலி கெடக்கு." கொஞ்சம் தயங்கினான். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குற தைரியம் இல்ல. ஆனா வேற ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா?"

அவள் மழைத்துளி தொங்குகிற இமைகளைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்...

"ரோஜா... உங்களுக்கு என்னையப் பிடிச்சிருக்கா?"

ஜீப்புக்குள் அத்தனை பேச்சும் நின்றது. செல்லத்தாய்தான் பொறுக்கமாட்டாமல் தலையை வெளியே நீட்டினாள்.

"அட கூறுகெட்டவனே! அவ கண்ணைப் பாத்தாலே தெரியுது. இதைப் போயிக் கேட்டுக்கிட்டு நிக்கிறியே!"

"இல்ல சித்தி," என்றான் அவன், ரோஜாவை விட்டுப் பார்வையை எடுக்காமல். "நானாப் பாத்து ஒண்ணை நெனச்சுக்கிட்டது போதும். அவுக வாயால சொல்லட்டும்."

ஜீப் நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். டிரைவர் ஹாரனில் கை வைத்தவர், எடுத்துவிட்டார்.

"பிடிச்சிருக்கு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.