ஓவர்லாக் போட்ட சீட்டு

சாவியை உடைத்தது சாட்சாத் குமரன்தான். ஷெட் பூட்டுக்கு எண்ணெய் விடச் சொன்ன தங்கச்சி ஜெயபாரதியிடம், "எண்ணெயெல்லாம் தலைக்குத்தான் கண்ணு" என்று ஜோக்கடித்துக்கொண்டே ஒரு முறுக்கு முறுக்கினான். பாதி சாவி பூட்டுக்குள், பாதி கையில். நாற்பத்தைந்து வயசில் அவன் சமமாகப் பாகம் பிரித்தது அது ஒன்றைத்தான்.

நல்லூரில் அப்பா விட்டுப்போனது ஒரு வீடு, அதற்குப் பின்னால் இந்தத் தையல் ஷெட். அவர் போய் இரண்டு வருஷமாக, "உனக்கு எதுதான் வேணும்?" என்று குமரன் கேட்காத நாளில்லை. ஜெயபாரதியிடம் ஒரே பதில்: "அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றனுங்ணா."

நக்கல் என்றே நினைத்திருந்தான்.

பனியன் கம்பெனி நடத்தும் அருள்புரத்து வாடகைக் கட்டடத்தை அவன் நாளைக்குள் காலி செய்தாக வேண்டும். ஷெட் கிடைக்காவிட்டால் முப்பது டெய்லர்கள் நடுத்தெருவில். முப்பத்தோராவது ஆள் அவன்.

சீட்டுப் போட்டுவிடலாம் என்றான். வாசலில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியில் இரண்டு வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கி, அவள் பார்க்காமல் இரண்டிலுமே 'ஊடு' என்று எழுதிச் சுருட்டினான். சின்னவள் முதலில் எடுப்பது வழக்கம். எதை எடுத்தாலும் வீடு அவளுக்கு, ஷெட் இவனுக்கு.

அவள் ஒன்றை எடுத்து விரல்களை மூடினாள். மிச்சத்தை அவன் முஷ்டிக்குள் பொத்திக்கொண்டான்.

பூட்டிய ஷட்டருக்குப் பின்னால், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓடியது.

உச்சிவெயில். மிஷின் எண்ணெய் வாசம். அதற்குள் கலந்து, அப்பாவின் பீடி.

"கரண்ட்டு... நாந்தானே ஃபியூஸைப் புடுங்குனேன்?" என்றான் குமரன்.

மிஷின் நின்றது.

உள்ளே யாரோ நூலை அறுத்தார்கள்.

ஜெயபாரதி கையை விரித்தாள். வெறுங்கை.

குமரனின் முஷ்டிக்குள் ஏதோ சுட்டது. திறந்து பார்த்தான். இரண்டு துண்டும் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'ஊடு', அவன் கையெழுத்தில், பல்லை இளித்துக்கொண்டு.

"ஷெட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பனுங்ணா," என்றாள், மெல்ல.

"தப்புத்தான் கண்ணு." வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டான்: "அப்பா என்ன சொல்றாரு?"

அவள் ஷட்டரில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

பூட்டு, உடைந்த சாவியோடு, தானாகக் கழன்று மண்ணில் விழுந்தது.

"ஷெட்டு உங்களுக்கேதானாம்," என்றாள். "உங்கள மட்டும் உள்ள வரச் சொல்றாருங்ணா."