பெண்கள் அறையின் கற்கள்

நேற்றுப் பூசிய சுவர் மார்பளவுக்கு நனைந்திருந்தது. எபோ பைடன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது.

"கடல் மணலையா கலந்த?" என்று கொத்தனார் ஒட்டுவிடம் கேட்டார்.

"ஆத்து மணல்ணே. நீங்கதானே நின்னு இறக்குனீங்க." ஒட்டு கரணையைக் கழுவிப் பைக்குள் போட்டான். "கல்லுதான் சரியில்ல. கோட்டையில எந்த எடத்துல பேத்தீங்க?"

எபோ ஈரப் பூச்சைச் சுரண்டியெடுக்கச் சுரண்டியைத் தேடினார். கானாவின் அந்த மீனவ ஊருக்கே தெரிந்த இடம்தான். முனையில் இடிந்து கிடக்கும் வெள்ளைக்காரன் கோட்டையின் அடியில், கப்பலுக்கு விற்பதற்காகப் பிடித்துவந்த பெண்களை அடைத்துவைத்த அறை. அதன் சாவி, அங்கே காவலிருந்த எபோவின் பாட்டனுக்குப் பாட்டன் குவாமெனாவின் இடுப்பில் இருந்தது. சண்டை மூண்ட அன்று வெள்ளைக்காரர்கள் படகேறினார்கள். குவாமெனா சாவியோடு காட்டுக்குள் ஓடினான். பல நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

"அந்தக் கல்லுல வீட்டுக்குப் படுக்கையறை கட்டுறீங்களே. துணிச்சல்தான்," என்றான் ஒட்டு.

"செத்தவங்களுக்குக் கல்லு எதுக்குடா?"

ஒட்டு முற்றத்துக்குப் போய்விட்டான். எபோ சுரண்டியோடு புதுப் படுக்கையறைக்குள் நுழைந்தார். கதவு இன்னும் மாட்டவில்லை. ஈரச் சுண்ணாம்பின் வாசனைக்கு அடியிலிருந்து, பல நாள் அடைபட்ட உடம்புகளின் வேர்வையும் மூத்திரமும் புளித்த நெடி மெல்ல மெல்ல எழும்பி வர, அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுரண்டச் சுரண்ட, சுவருக்குள்ளிருந்து யாரோ அதே தாளத்தில் சுரண்டுவது கேட்டது.

அவர் நிறுத்தினார். அது நிற்கவில்லை.

திரும்பினார். வாசல் சிறுத்திருந்தது. ஓடினார். ஒரு ஆள் அகலம். ஒரு கை அகலம். விரல் நுழையும் கீற்று. அப்புறம் இருட்டு.

"குவாமெனா," என்றது ஒரு பெண் குரல், காதோரம். "கதவைத் திற."

"நான் அவன் இல்ல தாயி. எங்கிட்ட சாவி இல்ல."

"எங்ககிட்டயும் இல்ல."

அப்பால் மனைவி அராபாவின் செருப்புச் சத்தம். "மீனும் மக்காச்சோளக் கென்கேயும் ஆறுது. எங்க போனாரு?"

"உள்ளதான் போனாருக்கா," என்றான் ஒட்டு.

இருவரும் அறைக்குள் வந்தார்கள். பேச்சு ஒரு முழத் தூரத்தில் கேட்டது. எபோ கத்தினார். சுவரை அறைந்தார். நகம் பெயர்ந்தது.

"யாரையும் காணோமே," என்றாள் அராபா. "கோட்டைப் பக்கம் போயிருப்பாரு."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

இருட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் அசைந்தார்கள். அவருக்கு இடம் விட்டார்கள்.

"உக்காரு," என்றது குரல்.

எலும்பும் தோலுமான ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாக் கைகளும்.