நாடோடித் தலைவனைக் காணவில்லை

பிற்பகல் 1.20. சாப்பிட்டுவிட்டுப் போர்ப்பொம்மைச் சங்கத்தின் போட்டி அரங்குக்குத் திரும்பிய பல் டாக்டர் தன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றார். நின்றவர் அசையவில்லை.

பெட்டிக்குள் ஒரு பக்கம் பழைய சீனப் பேரரசின் காலாட்படை. எதிரே, வடக்குப் புல்வெளியிலிருந்து வந்த நாடோடிக் குதிரை வில்லாளிகள். எல்லாம் போர் விளையாட்டுக்காக ஈயத்தில் வார்த்து வண்ணம் தீட்டிய பொம்மைகள். கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான் இருக்கும். நாடோடிகளுக்கு நடுவில் ஓநாய்த்தோல் தொப்பியோடு குதிரையில் இருந்த தலைவனை மட்டும் காணவில்லை.

மூன்று மணிக்கு நடுவர் வருகிறார். பூட்டு அப்படியே இருந்தது. சாவி செயலாளர் அறையில் ஒரு ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சாப்பாட்டு வேளையில் அரங்கை விட்டுப் போகாதவர்கள் இரண்டே பேர்.

டாக்டரோடு அவருடைய அண்ணியும் வந்திருந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் பதினோரு வருட வேலை. இன்று விடுமுறை.

"கண்ணாடி ஏன் தம்பி மங்கலா இருக்கு?"

"உள்ளே விளக்கு எரியுது அண்ணி. வியர்த்திருக்கும்."

அண்ணி கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. வெண்மை உட்புறத்தில் படிந்திருந்தது. பிறகு ஓரத்துக் குதிரை வீரனைக் காட்டினார். "இவன் கை இப்படித்தான் இருக்குமா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது. "இல்ல. உடைஞ்சிருக்கு. யாரோ ஒட்டியிருக்காங்க."

1.35. அரங்கிலேயே இருந்தவர்களில் ஒருவர் கடிகாரக்கடைக்காரர். போன வருடம் முதல் பரிசு வாங்கியவர்.

"நான்தான் எடுத்திருப்பேன்னு எல்லாரும் நினைப்பாங்க," என்றார்.

"எடுத்தீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"ஆசை இருந்தது. அந்தப் படையைப் பார்த்த நாள்லேர்ந்து வயிறு எரியுது. ஆனா தொடலை."

"அதுல ஒண்ணு உடைஞ்சிருந்தா ஒட்டி வைப்பீங்களா?"

"அவர் பொம்மையையா? தொலையட்டும்னு போயிட்டே இருப்பேன்."

1.50. இன்னொருவர் டாக்டரின் பன்னிரண்டு வருட நண்பர். அச்சு செதுக்கி, உலோகம் உருக்கி, இந்தப் பொம்மைகள் அத்தனையையும் வார்த்தவர். வண்ணம் தீட்டியது மட்டும் டாக்டர். சங்கத்தில் எல்லோரும் அவரை 'ஈயம்' என்றே கூப்பிடுவார்கள். அண்ணிக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டினார். வலது கட்டைவிரலில் சாய்வாக ஒரு தீக்காயத் தழும்பு.

"பெட்டியைத் திறந்தீங்களா?"

"இல்ல மேடம். நேத்து அவரே அடுக்கினார், அவரே பூட்டினார். என்னைக் கிட்டவே விடலை."

"அவர் மேல வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம். பெட்டி மேல அட்டை இருக்கே, படிச்சீங்களா?"

அண்ணி படித்திருந்தார். படையை உருவாக்கியவர் என்று டாக்டரின் பெயர் மட்டும் இருந்தது.

2.20. மூவரையும் பெட்டியருகே வரவழைத்து, அண்ணி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"தலைவனை எடுக்கும்போது ஒரு வீரன் கை உடைஞ்சது. எடுத்தவர் சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினார். ஆள் வர்ற சத்தம் கேட்டதும் அவசரமா மூடிட்டார். மூடின இடத்துல அந்தப் பசையோட ஆவி வெள்ளையாப் படியும். விரல் பட்ட இடத்துல இன்னும் அடர்த்தியாப் படியும். எங்க ஆபீஸ்ல ரேகை எடுக்கிறதே இப்படித்தான்."

பெட்டிக் கதவின் உள்விளிம்பில் ஒரு கட்டைவிரல் ரேகை வெள்ளையாகத் தெரிந்தது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

"ரேகை இல்லாட்டியும் சொல்லியிருப்பேன். பொறாமைப்படுறவன் எதிராளியோட பொம்மையை ஒட்டி வைக்க மாட்டான். அது உடைஞ்சு கிடக்கிறதைப் பார்க்க முடியாதவர் ஒருத்தர்தான். அதைச் செஞ்சவர்."

ஈயம் சட்டைப் பையிலிருந்து தலைவனை எடுத்து மேசையில் வைத்தார். "எட்டு மாசம் செதுக்கினேன். வர்றவன் போறவன் எல்லாம் 'டாக்டர் கையே கை'ங்கிறான். கேட்கக் கேட்க உள்ளுக்குள்ள வெந்து போச்சு. இவன் ஒருத்தனாவது என்கிட்ட இருக்கட்டும்னு எடுத்தேன்."

டாக்டர் பெட்டி மேலிருந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"பேரை விட்டது மறதி இல்லடா," என்றார். "போன வருஷம் நீ வார்த்த வேற ஒரு பொம்மையைப் பார்த்துட்டு நடுவர் 'வண்ணம் இல்லாமலே இந்த முகம் பேசும்'னார். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை."

"புகார் எழுதணுமா?" என்று கேட்டார் அண்ணி.

"வேண்டாம் அண்ணி." டாக்டர் பேனாவை எடுத்து, அட்டையில் தன் பெயருக்கு மேலே நண்பரின் பெயரை எழுதினார். ஈயம் தலைவனை அவன் இடத்தில் நிறுத்தினார்.

4.10. முதல் பரிசு மறுபடியும் கடிகாரக்கடைக்காரருக்கே போனது. அவருடைய சீன வில்லாளிகளைச் சுற்றிக் கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் நண்பர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டவில்லை.

"அந்த முன்வரிசை வில்லாளி முகத்தைப் பார்த்தியா," என்றார் ஈயம் மெதுவாக. "பல்வலி வந்தவன் மாதிரி."

"கடைவாய்ப் பல்," என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும்."