தட்டு தெரிந்த காலை

அன்று காலை ஊருணியில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

சங்கரலிங்கம் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கினான். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று தினமும் அளந்து, பாசி எப்போது பொங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது அவனுடைய சர்க்கார் வேலை. எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் பரளச்சிக்குத் தெற்கே இந்தக் கரிசல் ஊருக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். போன வாரம் பொங்கும் என்றான், பொங்கியது. பச்சைச் சாயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் கரையோரமெல்லாம் ஏடுகட்டி, வெயில் ஏற ஏறக் கொப்புளித்து வெடித்து, அழுகிய மீனும் பன்றிச் சாணமும் சேர்ந்த வாடை தெருவரை வந்து சோற்றில் ஒட்டியது. அதைக் குடித்த ஏழு வெள்ளாடுகள் பச்சை நுரை கக்கிச் செத்தன.

குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் வைப்பதில்லை. அதனால் பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டி, இரண்டு கரையிலும் ஆள் நின்று கயிற்றால் இழுத்தார்கள். அது முந்தாநாள்.

இன்று தட்டு அடிமண்ணில் கிடந்தும் பளிச்சென்று தெரிந்தது. அதைச் சுற்றிச் செத்த பாசி, காறித் துப்பிய சளிபோலக் கிடந்தது. காற்றே இல்லை. சளி மட்டும் மெல்ல உப்பி, மெல்ல அமுங்கியது.

கயிற்றைச் சுருட்டினான். கையெல்லாம் கொழகொழப்பு. மண்ணில் தேய்த்தும் போகவில்லை.

ஊருணிக் காவல்காரர் நல்லகண்ணு சிரித்துக்கொண்டே வந்தார். கரையை அடைத்துப் போட்டிருந்த முள்ளை விடியும்போதே எடுத்துவிட்டாராம்.

“பத்து நாளு ஆகணும்னு சொன்னேன்லய்யா. செத்த பாசிதான் வெசத்தைக் கக்கும்” என்றான் சங்கரலிங்கம்.

“கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டை ஒரசித்தான சார் எப்பவும் குடிப்பாக. ஒங்க தட்டே சொல்லுதே, கண்ணாடியா இருக்குன்னு. ஊரு பயந்துச்சு, ஒங்க வீட்டம்மாதான் மொத ஆளா வந்து மொண்டாக.”

அவன் ஓடினான்.

கஸ்தூரிக்கு ஏழாம் மாதம். முன்னால் இரண்டு, வயிற்றிலேயே போய்விட்டன. இதையாவது தக்கவைக்க வேண்டும் என்றுதான் வீரசோழன் ஊரிலிருந்து வண்டியில் பீப்பாய்த் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தான்.

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வண்டித் தண்ணீர் உப்புக் கரித்ததாம். இது தித்திப்பாக இருந்ததாம். மூன்று செம்பு குடித்தாளாம். பேசும்போது பல்லிடுக்கில் பச்சையாக ஏதோ நூல் இழுத்தது. மூச்சில் அந்த வாடை. அழுகிய மீன். பன்றிச் சாணம். பெண்டாட்டி முகத்துக்கு எதிரே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“புள்ள நல்லா முட்டுதுங்க. கைய வச்சுப் பாருங்க.”

சேலையை விலக்கினாள். கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து வெயில் ஒரு ரூபாய் வட்டத்துக்கு அவள் வயிற்றில் விழுந்தது.

தோலுக்கு அடியில் பச்சை.

நரம்பு என்றுதான் முதலில் நினைத்தான். நரம்பு நகராது. இது நகர்ந்தது. விலாவிலிருந்து, தொடையிலிருந்து, இழை இழையாக அந்த வெயில் வட்டத்தை நோக்கி ஊர்ந்து வந்து கூடியது. அவளை நிழல் பக்கம் இழுத்தான். வெயில் இப்போது அவள் மார்பில் விழுந்தது. பச்சை கலைந்தது. மேலே ஏறியது.

“என்னங்க, ஏன் இப்படி இழுக்கீங்க?”

கதவைச் சாத்தினான். சாக்கை எடுத்துக் கண்ணாடி ஓட்டை அடைத்தான். இருட்டு.

இருட்டில் அவள் வயிற்றுக்குள் முட்டியது. மறுபடி. பலமாக.

கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் மிச்சம் இருந்தது. உள்ளே இருந்தது அந்தப் பக்கமாகத் திரும்பியது. தோல் கூம்பி நீண்டது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனியில் ஐந்து சின்ன விரல்கள் விரிந்து, வெளிச்சத்தை நோக்கித் தோலைப் பிறாண்டின.