கடைக்குட்டி யாருக்காகக் காத்திருந்தது?

திங்கட்கிழமை காலை கடைக்குட்டி விழுந்தது. செவ்வாயும் விழுந்தது. மூன்றாவது வாரமும் விடாமல் விழுந்துகொண்டிருந்தபோது அலுவலகத்தில் யாரோ 'சதி' என்ற சொல்லைச் சொன்னார்கள். முதலில் சொன்னது யார் என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

கடைக்குட்டி ஆள் அல்ல, கணினி. அந்த நிறுவனம் விற்பது ஒரே ஒரு சரக்கு, டிபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலைப் பாதியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் நிரல் அது. மூன்று வகை இயங்குதளங்களிலும் அது சரியாக வேலை செய்கிறதா என்று வேலைநாட்களில் தினமும் காலை எட்டு மணிக்குச் சோதனைகள் தாமாகவே ஓடும். அதற்காகவே ஐந்தாம் மாடியின் கோடியில், குளிரூட்டிய சின்ன அறை ஒன்றில் வகைக்கு ஒன்றாக மூன்று கணினிகள் இருந்தன. மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி என்று அவற்றுக்குப் பெயர். மூத்ததும் நடுவுலதும் பாஸ். கடைக்குட்டியின் இயங்குதளத்தில் மட்டும் ஃபெயில். வாங்கக் காத்திருந்தவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள்.

பழி சேவல் மேல் விழுந்தது. அந்தச் சோதனைகளைக் கவனித்து வந்த மூத்த பொறியாளர் அவர். இரண்டு வருடமாக விடிந்தும் விடியாமலும் வந்து அலுவலகக் கதவைத் திறப்பவர் அவர்தான் என்பதால் வந்த பெயர். ஆட்குறைப்பு என்று சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கள் கடைக்குட்டி படுத்துவிட்டது. போகிற போக்கில் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவுகட்ட இதற்கு மேல் என்ன வேண்டும்?

வியாழன் காலை பத்து மணிக்கு மேலாளர் சோதனைப் பிரிவின் தலைவியைக் கூப்பிட்டார். அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். சிக்கியதை விடமாட்டாள். அவள் சேவலின் மனைவியும்கூட.

"நீங்களா தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்," என்றார் மேலாளர். "சாயந்திரம் நாலு மணிக்கு போலீஸ் புகார்ல கையெழுத்துப் போடப்போறேன். அவரையும் வரச் சொல்லியிருக்கேன். கடைசியா ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்."

சேவலுக்கு வேறோர் இடத்தில் வேலை ஏறக்குறைய கிடைத்தாயிற்று. இங்கிருந்து சான்றிதழ் போகவேண்டியதுதான் பாக்கி. புகார் போனால் அந்த வேலையும் போகும், இனி எந்த வேலையும் கிடைக்காது.

"நாலு மணி வரைக்கும் நான் பார்க்கலாமா சார்?"

"நீங்க அவரோட மனைவி."

"அவரைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே நான் இங்க டெஸ்டர் சார்."

மேலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு தலையசைத்தார்.

அவளை அரித்தது புகார் மட்டுமல்ல. அன்று காலையில்கூடக் கணவனிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். "நான் எதுவும் வெக்கல," என்றார். அதை வந்து சொல்லுங்களேன் என்றால், "விட்டுடும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். குற்றம் செய்யாதவர் ஏன் இப்படிக் கல்லுளிமங்கனாக இருக்கவேண்டும்? நினைக்க நினைக்க அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

முதலில் சல்லடையிடம் போனாள். சேவல் எழுதிய வரிகளை மூன்று வாரமாகச் சலித்துக்கொண்டிருந்த பொறியாளர் அந்தப் பெண்.

"ஏதாவது மாட்டுச்சா?"

"ஒண்ணுமே இல்லக்கா. சுத்தமா இருக்கு. அதுதான் இன்னும் சந்தேகமா இருக்கு."

"உன் லேப்டாப்லயும் கடைக்குட்டியோட இயங்குதளம்தானே? அதுல ஓட்டினியா?"

"ஓட்டினேன். பாஸ். இங்க எல்லாரோட லேப்டாப்லயும் பாஸ்."

"எந்த டெஸ்ட் விழுது?"

"ஓடுற நிரலைப் பிடிச்சு நிறுத்தற டெஸ்ட் எல்லாம். செத்துப்போன நிரல் விட்டுட்டுப் போன மிச்சத்தைப் படிக்கற டெஸ்ட் மட்டும் பாஸ்."

"எவ்வளவு நேரத்துல விழுது?"

"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள பதில் வரலைன்னா ஃபெயில்னு நாமதானே கெடு வெச்சிருக்கோம்."

"எல்லாமே கெடு முடிஞ்சுதான் விழுதா? ஒண்ணுகூட உடனே விழல?"

சல்லடை திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்ல."

பூதக்கண்ணாடி படியேறினாள். உடைந்த சாமான் தொட்டதும் விழும். யாராவது வேண்டுமென்று உடைத்திருந்தாலும் அப்படித்தான் விழும். இது விழவில்லை, கெடு முடியும்வரை காத்திருக்கிறது. யாருக்காக?

ஐந்தாம் மாடி அறையின் சாவி சுவிட்சிடம் இருந்தது. கணினிகளையும் கம்பிகளையும் பார்த்துக்கொள்பவர் அவர். அறை ஒரு கட்டில் போடும் அளவுதான். தட்டில் மூன்று கணினிகள், எதற்கும் திரை இல்லை. கடைக்குட்டிக்கு முன்னால் மட்டும் ஒரு சின்ன மேசை, நாற்காலி. மேசையில் படிந்த தூசிக்கு நடுவே ஒரு செவ்வகம் மட்டும் அதிகத் தூசி இல்லாமல் இருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"திரைதான் அக்கா. சேவல் சார் போன அன்னிக்கே எடுத்துக் கீழ குடுத்துட்டேன். எல்லாரும் அவங்கவங்க சீட்ல இருந்தே முடிவைப் பார்த்துக்கறாங்க. இங்க யார் வர்றா?"

"மத்த ரெண்டுக்கும் திரை இருந்துச்சா?"

"எப்பவும் இல்ல. இதுக்கு மட்டும் அவர் கேட்டு வாங்கினார்."

"மூணும் ராத்திரி அணைஞ்சு எழுந்துக்குமா?"

"தினமும். காலைல புதுசா ஆரம்பிக்கணும்னு அப்படி வெச்சிருக்கோம்."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வருவது ஒன்பதரைக்கு. சேவலோ காய்ச்சலானாலும் கொட்டும் மழையானாலும் ஏழு மணிக்கு இங்கே இருப்பார். குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று ஒரு நாள்தான் வரவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைக்குட்டி என்ன ஆச்சு?" அன்று அது விழுந்திருந்தது. சேவல் இல்லை என்று கடைக்குட்டிக்கும் ஏக்கம் என்று எல்லாரும் கேலி பேசினார்கள். மறுநாள் தையலோடு வாடகைக் காரில் கிளம்பிவிட்டார். வேலையில் இப்படி ஓர் ஈடுபாடா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பொறி தட்டியது.

"ஒரு திரை கொண்டுவந்து இதுல மாட்டுங்க," என்றாள்.

சுவிட்ச் மாட்டினார். திரையில் வந்ததை அவள் ஒரு முறை படித்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாலு மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். மேலாளர் கையில் புகார்த் தாள். சேவல் கதவோரம், சவரம் செய்யாத முகத்தோடு. திரையைப் பார்த்ததும் அவர் தலை குனிந்தது.

திரையில் ஒரு சின்னப் பெட்டி. இன்னொரு நிரலைக் கட்டுப்படுத்த டிபக்கர் அனுமதி கேட்கிறது, அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தது. கீழே கடவுச்சொல்லுக்கு இடம்.

"மூணு இயங்குதளத்துல இது ஒண்ணுதான் கேட்கும் சார்," என்றாள் பூதக்கண்ணாடி. "உயிரோட ஓடற நிரல்ல கை வெக்கணும்னா ஒரு மனுஷன் சரின்னு சொல்லணும். செத்த நிரலுக்கு யார் அனுமதியும் வேண்டாம். அதனாலதான் அந்த டெஸ்ட் மட்டும் பாஸ்."

"எங்க லேப்டாப்ல கேட்கலையே?" என்றாள் சல்லடை.

"கேட்டிருக்கும். படிக்காமலே சரின்னு அழுத்திட்டு மறந்திருப்பீங்க. நீங்க லேப்டாப்பை மூடுவீங்களே தவிர அணைக்கறதில்ல. இது தினமும் அணையுது. அதனால தினமும் கேட்குது."

சுவிட்ச் கடவுச்சொல்லை அடித்தார். பெட்டி மறைந்தது. சல்லடை தன் லேப்டாப்பிலிருந்து சோதனைகளை மறுபடி ஓட்டினாள்; ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"அப்படின்னா ரெண்டு வருஷமா தினமும் காலைல இதை அழுத்தினது யார்?" என்று கேட்டார் மேலாளர்.

அவள் கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் லேசாகத் தலையசைத்தார். கணினியில் ஏதோ அமைப்பு கலைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த வார்த்தைகள் அவள் நாக்கு நுனிவரை வந்தன.

"என் வீட்டுக்காரர் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே டெஸ்ட் விழுந்தப்போ சரி பண்ணச் சொன்னீங்க. பண்ணிட்டேன்னு கூட்டத்துல சொன்னார். அவர் பண்ணல. தினமும் எல்லாருக்கும் முன்னாடி வந்து கையால அழுத்தினார். அது பொய். அந்தப் பொய்யைத் தவிர அவர் எதையும் வெச்சுட்டுப் போகல. அவர் வர்றது நின்னுச்சு, இது விழுந்துச்சு."

சேவல் சுவரில் சாய்ந்துகொண்டார். "அன்னிக்குப் பாஸ் ஆச்சு சார், நிஜமாவே சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். எல்லாரும் கைதட்டினாங்க. மறுநாள் காலைல வந்தா திரும்பவும் கேட்குது. எந்த முகத்தோட வந்து சொல்றது?" சல்லடையைப் பார்த்தார். "சதிகாரன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன். வேலை தெரியாதவன்னு இந்தப் பிள்ளைங்க முன்னாடி..."

சல்லடை அதற்குள் எதையோ தேடிப்பிடித்துத் தட்டியிருந்தாள். "நிரந்தரமா அனுமதி குடுத்துட்டேன். இனிமே கேட்காது," என்றவள், குரலைத் தாழ்த்தி, "ஒரே வரிதான்," என்றாள். தாழ்த்திச் சொன்னாலும் அவர் காதில் விழுந்துவிட்டது.

மேலாளர் புகார்த் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "சான்றிதழ் குடுத்துடறேன். ஆனா நேர்மையானவர்னு மட்டும் என்னால எழுத முடியாது."

"வேண்டாம் சார்," என்றாள் அவள். "செய்யாததை எழுதாம இருந்தாப் போதும்."

வீடு திரும்பும் பேருந்தில் வெகுநேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார். "நீ எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்."

"சமாளிச்சிருக்கலாம். நாளைலேர்ந்து நீங்க மறுபடியும் சமாளிச்சுட்டே இருக்கணும். ரெண்டு வருஷம் போதாதா?"



மறுநாள் விடியற்காலையில் அவள் கண்விழித்தபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ. வேலை போன பிறகும் மூன்று வாரமாக இப்படித்தான் எழுந்து உட்கார்கிறார்.

"அது இனிமே உங்களுக்காகக் காத்திருக்காது," என்றாள். "படுங்க."

ஷூவைக் கழற்றிவிட்டுப் படுத்தார். எட்டு மணி தாண்டியதும் அவள் கைபேசியில் சல்லடையிடமிருந்து சேதி வந்தது: மூன்றும் பாஸ். காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டு, அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் படித்தார்.

"அந்த வரி என்னன்னு அவகிட்டக் கேட்டுட்டு வா," என்றார். "எனக்குத் தெரியாதுன்னே சொல்லு."